கவிழ்த்து வைத்த தாச்சி

எங்கள் தீவில் வியாபாரம் தெரியாத ஆண்பிள்ளை அரிது. கடையைக் கண்ணால் கண்ட பெண்பிள்ளை அதைவிட அரிது. புங்குடுதீவு ஆண்கள் தென்னிலங்கை முழுவதும் கடை போட்டிருந்தார்கள். பெண்கள் ஊரில் இருந்துகொண்டு அந்தக் கடைக் காசில் வீடு கட்டினார்கள், கோயில் திருவிழா செய்தார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். என் அம்மாவும் அப்படித்தான். அப்பாவின் பலசரக்குக் கடை வாசல் எந்தத் திசையைப் பார்த்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அந்தக் கடையை எரித்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது அம்மா தலையில் அடித்து அழுதாள். ஒருநாளும் கண்டிராத ஒன்றுக்காக ஒருவர் அப்படி அழுததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது.

அப்போது நான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கத் தொடங்கியிருந்தேன். வகுப்பில் பெண்கள் எல்லாரும் ஒரே வாங்கில் இருந்துவிடலாம், அவ்வளவு பேர்தான். பாடத்தில் வரும் முதலாளி எப்போதும் ஆண். அவன் முதல் போடுவான், சந்தையை ஆராய்வான், நட்டப்பட்டு எழும்புவான். பெண் ஒருத்தி வந்தால் சாமான் வாங்குகிறவளாக வருவாள். இதைப் படித்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு விரிவுரையாளர் எங்கள் வாங்கைப் பார்த்துக் கேட்டார். மற்றவர்கள் வங்கி வேலை, ஆசிரியர் வேலை என்று நல்ல பிள்ளைகளாகச் சொன்னார்கள். என் முறை வந்தது.

"வியாபாரம் செய்யப் போறன் சேர்."

பின் வாங்கில் இருந்து ஒரு குரல் வந்தது: "கடை சீதனமாப் போகும் சேர். மாப்பிள்ளை செய்வார்."

வகுப்பே சிரித்தது. சொன்னவனும் எங்கள் தீவுதான். அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. எங்கள் ஊரில் கடை மகளுக்குப் போவதில்லை, மகளோடு போகும்.

வணிகச் சட்ட வகுப்பில் ஒருநாள் தேசவழமை வந்தது. எங்கள் யாழ்ப்பாணத்துத் தமிழருக்கென்று இருக்கிற சட்டம். காணி பெண்ணின் பெயரில் இருக்கலாம், சீதனமாக வந்ததாக இருக்கலாம், ஆனால் கலியாணம் செய்த பெண் அதை விற்கவோ ஈடு வைக்கவோ புருஷன் எழுத்தில் சம்மதம் தரவேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்தவள், "அவர் நித்திரை எண்டால் தட்டி எழுப்பித்தான் கேக்கவேணும்" என்று காதுக்குள் சொன்னாள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். புருஷன் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று யாரோ கேட்டார்கள். அதற்கும் வழி இருக்கிறது என்றார் விரிவுரையாளர். அவன் மனைவியைக் கைவிட்டிருந்தால், சித்தம் கலங்கியிருந்தால், மறியலில் கைதியாக இருந்தால், இருக்கிற இடம் தெரியாமல் இருந்தால், அவள் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அந்த வருஷச் சோதனையில் இந்தக் கேள்வி வந்தது. நன்றாகவே எழுதினேன்.

என் கணவரும் தீவுப் பிள்ளைதான். பல்கலைக்கழகத்தில் எனக்கு மூத்தவர். எங்களுடையது பேச்சுக் கலியாணம் என்று ஊர் நினைத்தது. பேச வைத்தவர்கள் நாங்கள்தான் என்பது ஊருக்குத் தெரியாது. பின் வாங்குச் சிரிப்பைக் கேள்விப்பட்ட நாளில் இருந்து அவர் என்னை 'முதலாளி' என்று கூப்பிடத் தொடங்கினார். கலியாணத்துக்குப் பிறகும் அதுதான் என் பெயர். "முதலாளி, தேத்தண்ணி கிடைக்குமோ?" என்பார். கிண்டல்தான். ஆனால் நான் சொன்னதை நம்பிய ஒரே ஆளும் அவர்தான்.

எங்கள் திட்டம் தூள். யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இல்லாமல் எங்கள் ஆட்களால் எந்தத் தேசத்திலும் இருக்க முடியாது. கொழும்புக்குப் போகிறவன், லண்டனுக்குப் போகிறவன், எல்லாருடைய பெட்டிக்குள்ளும் ஒரு பொதி தூள் இருக்கும். அதைத் தாய் இடித்துக் கொடுத்திருப்பாள், இல்லாவிட்டால் தமக்கை. போய்ச் சேர்ந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனார்கள். தாய்மார் கூடவில்லை. இதைவிடப் பெரிய சந்தை ஆராய்ச்சி எனக்குத் தேவைப்படவில்லை.

தூள் வறுக்கிற கை என் மாமியுடையது. கணவரின் தாய். அவர் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே புருஷனை இழந்தவள், அவரைத் தவிர வேறு பிள்ளையும் இல்லை. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, கடைசியில் கறிவேப்பிலையைப் போட்டு இறக்குவாள். அவள் வளவில் வறுக்கிற இரும்புத் தாச்சி அடுப்பில் ஏறினால் தெருவால் போகிறவர்கள் தும்முவார்கள்.

எனக்கும் அவருக்கும் வேலை கிடைக்கவில்லை. ஆமி கண்டால் பிடித்துக்கொண்டு போகிற வயது அவருக்கு. எண்பத்தாறாம் ஆண்டு பங்குனியில், கடல் கிடையாகக் கிடந்த நாட்களில், வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய் அங்கிருந்து வெளிநாடு போவது என்று முடிவாயிற்று. மாமி பால்மாத் தகரம் நிறையத் தூள் அடைத்துக் கொடுத்தாள்.

"நான் அங்க போய் ஏஜண்ட், நீர் இங்க முதலாளி," என்றார். "முதல் ஓடர் என்னட்டயிருந்து வரும்."

வள்ளம் போனது. அக்கரையில் சேர்ந்ததா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. மண்டபத்து அகதி முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். சென்னையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் கண்டதாக இன்னொருவர். இரண்டு பேரையும் தேடிப் போய்க் கேட்டேன். அவர்களே கண்ணால் காணவில்லை, யாரோ கண்டதாகக் கேள்விப்பட்டிருந்தார்கள். கடலில் வள்ளம் ஒன்று தாண்டு மூழ்கியது என்றும் ஒரு கதை இருந்தது. அந்த வள்ளம் இந்த வள்ளம் என்று சொல்லவும் ஆள் இல்லை.

என் அம்மாவும் அப்பாவும் அதற்குள் அடுத்தடுத்துக் கண்ணை மூடிவிட்டார்கள். மாமி தன் வீட்டைப் பூட்டிவிட்டு எனக்குச் சீதனமாக வந்த மடத்துவெளி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த அடுத்த நாளே தாச்சியை ஏற்றச் சொன்னாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஊரில் சாவு நடந்த வீட்டில் வறுக்கிறதில்லை, பொரிக்கிறதில்லை. முதல் நாட்களில் அடுப்பே மூட்டமாட்டார்கள், அயலவர்கள்தான் சோறு கறி சமைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். முப்பத்தோராம் நாள் கடலில் குளித்து, ஐயரை வைத்து அந்தியேட்டிக் கிரியை செய்து, சாவுத் தீட்டான துடக்குக் கழிந்த பிறகே அந்த வீட்டில் தாச்சி அடுப்பேறும். ஊர்ச் சனம் எங்களைப் பார்த்துப் 'பாவம், பாவம்' என்று சொல்லத் தொடங்கியிருந்தது. மாமிக்கு அந்தச் சொல்லைக் கண்ணிலும் காட்டக்கூடாது.

"வறுக்கிற மணம் வாற வீட்டை ஒருத்தரும் செத்த வீடெண்டு சொல்லேலாது," என்றாள். "நீ வியாபாரம் செய் பிள்ளை. நான் வறுக்கிறன்."

அப்படித்தான் எங்கள் தொழில் தொடங்கியது. அவளுக்கு அது மகன் உயிரோடு இருக்கிறான் என்று ஊருக்குச் சொல்லும் வழி. எனக்கு அது அவரோடு போட்ட திட்டம். அயலில் இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள், அக்காவும் தங்கையும். மிளகாய்க் காம்பு கிள்ளுவது, மல்லி புடைப்பது, பொதி கட்டுவது அவர்கள் வேலை. கொழும்புக்குப் போகிறவர்களிடம் கொடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் இரண்டு கடைக்காரர் எடுத்தார்கள். முதலில் பேசப் போனபோது ஒருவர், "ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ வந்து கதைக்க?" என்று கேட்டார். "தூள் பொம்பிளையள்தான் வறுத்தது, கதைக்க மட்டும் ஆம்பிளை வேணுமோ?" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் தூளை எடுத்தார், அடுத்த மாதம் இன்னும் கேட்டார். கொழும்பில் இருந்து ஒருவர் லண்டனுக்கு அனுப்பப் பெருந்தொகையாகக் கேட்டு ஆள் விட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் படித்த படிப்பு எனக்கு விளங்கியது.

அரைக்கிறதுதான் பெரும்பாடு. தீவில் இருந்த மில் அரிசி அரைக்கும் மில். தூள் அரைத்தால் கல்லில் காரம் ஏறிவிடும் என்று மில்காரர் மாட்டேன் என்றுவிட்டார். வறுத்ததைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் மண்டைதீவுச் சந்தி தாண்டி யாழ்ப்பாணம் கொண்டுபோய் அரைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் சாக்கு அவிழும். அவிழ்த்தவன் தும்முவான், தும்மியவன் என்னை முறைப்பான். சொந்தமாக ஒரு மில்லும் டீசல் எஞ்சினும் இருந்தால் கொழும்பு ஓடரை எடுக்கலாம், பத்துப் பெண்களுக்கு வேலை கொடுக்கலாம். அதற்குக் கடன் வேண்டும். கடனுக்கு ஈடு வைக்க என்னிடம் மடத்துவெளிக் காணி இருந்தது.

வங்கி முகாமையாளர் நல்ல மனிதர். கதிரை தந்தார், தேத்தண்ணி தந்தார், நான் கொண்டுபோன திட்டத்தைக் கடைசிவரை வாசித்தார். "படிச்ச பிள்ளை எண்டு தெரியுது," என்றார். பிறகு பேனையை மூடினார்.

"புருஷன்ர கையெழுத்து வேணும் தங்கச்சி."

எனக்குத் தெரியும். இதைச் சோதனையில் எழுதி நல்ல புள்ளி எடுத்தவள் நான். ஆனாலும் அந்தக் கதிரையில் இருந்து அதைக் கேட்டபோது பக்கத்து வாங்குத் தோழியின் குரல்தான் காதுக்குள் வந்தது. தட்டி எழுப்பித்தான் கேட்கவேண்டும். யாரை, எங்கே போய்த் தட்டி எழுப்புவது? தேத்தண்ணியைக் குடித்து முடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கம் போகவில்லை. கொழும்புக்காரர் மூன்றாவது தடவை ஆள் விட்டு, இனி வேறு இடம் பார்க்கப் போவதாகச் சொன்ன பிறகுதான் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். தொண்ணூறாம் ஆண்டு தொடக்கம். சண்டை ஓய்ந்து கொஞ்சம் மூச்சு விட்ட மாதங்கள்.

"செத்தவர் எண்டு சொல்லத் தேவையில்லை," என்றார் அவர். "விட்டிட்டுப் போட்டார் எண்டும் சொல்லத் தேவையில்லை. இருக்கிற இடம் தெரியாது எண்டு சொன்னால் காணும்."

அது உண்மைதானே? அதைவிட உண்மையான வசனம் என் வாழ்க்கையில் இல்லை. வீட்டுக்கு வந்து மாமியிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் மல்லியை வறுத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"இருக்கிற இடம் தெரியாது எண்டு மட்டும்தானே சொல்லுவாய்?"

"ஓம் மாமி."

"வேறயொண்டும் சொல்லாத. எனக்கும் தெரியாதுதானே." தாச்சியை இறக்கினாள். "நீ படிச்சனி. செய்."

என்ன நடக்கப் போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. சட்டத்தரணிக்குத் தெரியும், ஆனால் அது அவருக்கு வழக்கமான வேலை, சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. இருக்கிற இடம் தெரியாதவருக்கு நீதிமன்ற அழைப்பாணையை யார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது? அதனால் பேப்பரில் போடுவார்கள். அவர் முழுப் பெயர், தகப்பன் பெயர், ஊர், எல்லாவற்றையும் போட்டு, 'இத்தால் அறியத் தருவது' என்று தொடங்குவார்கள். அந்த அறிவித்தல் வந்த பக்கம்தான் மரண அறிவித்தல்கள் வருகிற பக்கமும்.

யாழ்ப்பாணத்தில் பேப்பர் வாசிக்கிறவர்களைத் தெரிந்தவர்களுக்கு மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் சனம் உலகச் செய்திக்குப் பிறகு வரும். முதலில் பார்ப்பது யார் செத்தார்கள் என்று. பெயரைப் பார்ப்பார்கள், தகப்பன் பெயரைப் பார்ப்பார்கள், ஊரைப் பார்ப்பார்கள். அதற்குக் கீழே வாசிக்கிறவர்கள் குறைவு. அதற்குள் கால் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும்.

அறிவித்தல் வந்த அன்றைக்கு நான் விடியவே சட்டத்தரணியைப் பார்க்க யாழ்ப்பாணம் போய்விட்டேன். பின்னேரம் எங்கள் ஊருக்கு வருகிற குறிகட்டுவான் பஸ்ஸில் ஏறியபோது ஒரு பெண் எழுந்து, "இருங்கோ அக்கா" என்று இடம் தந்தாள். கொண்டக்டர் காசு வாங்கவில்லை, பிறகு பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டு அப்பால் போய்விட்டார். படித்த பொம்பிளை முதலாளிக்குக் கடைசியாக ஊர் மரியாதை தரத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

எங்கள் படலையில் செருப்புகள் குவிந்து கிடந்தன. முற்றத்தில் எங்கிருந்தோ இரவல் வாங்கிய கதிரைகளில் ஆண்கள் இருந்தார்கள். உள்ளே இருந்து ஒப்பாரி கேட்டது. மாமிக்குத்தான் ஏதோ நடந்துவிட்டது என்று ஓடினேன். மாமி சுவரோடு சாய்ந்து தலைமயிர் அவிழ்ந்தபடி இருந்தாள். அயல் வீட்டுப் பெண் ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடித்தாள்.

"ஐயோ பிள்ளை, ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! பேப்பரில பாத்தெல்லோ நாங்கள் அறிய வேண்டிக் கிடந்தது!"

யாரோ பேப்பரைக் கையில் தந்தார்கள். பார்த்தவுடன் விளங்கிவிட்டது.

"இது மரண அறிவித்தல் இல்லை!" நான் கத்தினேன். "கோட்டு அறிவித்தல்! காணிக்கு! காணி ஈடு வைக்கிறதுக்கு!"

ஒப்பாரி நின்றது. நான் நினைத்தது, இப்போது எல்லாரும் ஆறுதலாக மூச்சு விடுவார்கள் என்று. ஒருவரும் விடவில்லை. மாமியின் தம்பி கதிரையை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தார்.

"காணிக்கோ?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் பதில் இருந்தது. மில், எஞ்சின், பத்துப் பெண்கள், லண்டன் ஓடர் எல்லாம் இருந்தன. அந்த முற்றத்தில் அவற்றில் ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை.

மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கோட்டில தேடிக் கண்டுபிடிச்சுப் போட்டினமாக்கும் எண்டு நினைச்சன் பிள்ளை," என்றாள். காலையில் முதல் பெண் குளறிக்கொண்டு வந்ததில் இருந்து பின்னேரம் நான் படலையைத் திறக்கும் வரைக்கும், அவள் தன் பிள்ளை செத்துவிட்டான் என்றே இருந்திருக்கிறாள். ஒரு பகல் முழுவதும்.

சனம் ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கியது. குசினி வாசலில் மூடி வைத்த சட்டிகள் வரிசையாக இருந்தன. சோறு, பருப்பு, கத்தரிக்காய். சாவீட்டுக்கென்று சமைத்துக் கொண்டுவந்தவை. அயல் வீட்டுப் பெண் வெட்கத்தோடு தன் சட்டியைத் தூக்கப் போனாள்.

"வை அதை," என்றாள் மாமி.

"இல்லையக்கா, பிழையா விளங்கி..."

"செத்த வீட்டுக்கெண்டு கொண்டு வந்த சோத்தைத் திருப்பிக் கொண்டு போகக்கூடாது. கொண்டு போற வீட்டுக்குக் கூடாது. உனக்கு ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள்." என் பக்கம் திரும்பினாள். "கோப்பையை எடு பிள்ளை."

சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக் கொடுத்தேன். மாமி தானே போட்டு, எல்லாச் சட்டியிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க இருந்து சாப்பிட்டாள். அயலவளின் பிள்ளைகளுக்காகச் சாப்பிட்டாள். எனக்கும் ஒரு கோப்பை நீட்டினாள். நான் சாப்பிட்டேன். என் கணவரின் சாவீட்டுச் சோறு அது. உப்பு, புளி ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில்தான் தாச்சியைப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது. நான் நிமிர்த்தப் போனேன்.

"தொடாத."

"மாமி, அது பிழையா நடந்தது. ஒருத்தரும் சாகேல்லை."

"சோறு வந்திட்டுது. நானும் திண்டிட்டன், நீயும் திண்டிட்டாய். இனி முப்பத்தொண்டு கழியாமல் இந்த வீட்டில வறுக்கேலாது."

நான் வணிகம் படித்தவள். ஒரு மாதம் பொறுக்கலாம், கொழும்புக்காரருக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் பார்த்தேன். "சரி, முப்பத்தொண்டு கழிய வறுப்பம்," என்றேன்.

"ஆருக்கு முப்பத்தொண்டு?" மாமியின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "அந்தியேட்டி செய்தால்தான் துடக்குக் கழியும். என்ர பிள்ளைக்கு என்னை அந்தியேட்டி செய்யச் சொல்லுறியோ?"

அதோடு எல்லாம் முடிந்தது. அந்தியேட்டி செய்தால் மகன் செத்தவன் ஆகிவிடுவான். செய்யாவிட்டால் வீடு சாவீடாகவே இருக்கும். இரண்டு பக்கமும் கதவைப் பூட்டிவிட்டு மாமி நடுவில் போய் இருந்துவிட்டாள். சோறு அவிந்தது, கறி அவிந்தது. தாளிக்கிற மணம்கூட அந்த வீட்டில் பிறகு எழும்பவில்லை.

எனக்குத் துடக்கில் நம்பிக்கை இல்லை, அன்றும் இல்லை. வேலைக்கு வந்த சகோதரிகளைக் கூப்பிட்டேன், வேறு தாச்சியில் வறுப்போம் என்றேன். மூத்தவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "கோவிக்காதேங்கோ அக்கா, நாங்கள் பிள்ளைகுட்டிக்காரர்," என்றாள். வளவின் பின்புறத்தில் கல் வைத்து நான் தனியாக ஒருநாள் வறுத்தேன். மிளகாய் கருகியது. புகை வீட்டுக்குள் போனது. மாமி என்னைப் பேசவில்லை, ஏசவில்லை. முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு அழுதாள். வறுத்ததைக் கொண்டுபோய்க் கடற்கரையில் கொட்டினேன்.

நீதிமன்றத்தில் நீதிபதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கணவர் இருக்கிற இடம் தெரியாதா? தெரியாது என்றேன். அனுமதி கிடைத்தது. முகாமையாளர் சந்தோஷப்பட்டார். கடன் கைக்கு வருவதற்குள் ஆனி மாதம் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. தீவுகளுக்கு இராணுவம் வந்தது. அங்கிருக்கிற காணியை ஈடாக எடுக்க எந்த வங்கியும் இல்லை. புருஷனின் கையெழுத்து இல்லாமல் காணியை ஈடு வைக்கிற உரிமை எனக்கு வந்தபோது, அந்தக் காணியில் கால் வைக்கிற உரிமை போய்விட்டது. நான் செய்தது பிழை என்று இன்றும் நினைக்கவில்லை. எனக்கு வருகிற அழுகை வேறு, அது வேறு.

ஊரோடு நாங்களும் வள்ளத்தில் யாழ்ப்பாணக் கரை சேர்ந்தோம். மாமி ஒரு துணி மூட்டையும் அந்தத் தாச்சியும் கொண்டுவந்தாள். கோண்டாவிலில் ஒரு வீட்டின் பின்னறை கிடைத்தது. அங்கேயும் அடுப்புக்குப் பக்கத்தில் தாச்சியைக் கவிழ்த்து வைத்தாள்.

நான் ரியூசன் கொட்டில் ஒன்றில் வணிகம் படிப்பித்தேன். முன் வாங்குகள் நிறையப் பெண்பிள்ளைகள். தேசவழமை சொல்லிக்கொடுக்கும் நாளில் அவர்களுக்கும் சிரிப்பு வந்தது. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் காதுக்குள் ஏதோ சொன்னாள். ஏசவில்லை. சிரிக்கட்டும் என்று கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, குடாநாடே இடம்பெயர்வதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, மாமி காய்ச்சலில் படுத்தாள். மருந்துக்குத் தட்டுப்பாடான காலம். கடைசி நாட்களில் அவள் கண் தாச்சிப் பக்கமே இருந்தது. "நான் போனாப் பிறகு உனக்குச் சரியெண்டு படுறதைச் செய் பிள்ளை," என்றாள். எதைச் சொன்னாள் என்று அவள் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அயலவர்கள் சோறு கொண்டுவந்தார்கள். இந்த முறை பிழையாக இல்லை. எங்களிடம் வேலை செய்த சகோதரிகளும் இடம்பெயர்ந்து பக்கத்திலேயே இருந்தார்கள், அவர்களும் வந்தார்கள். மூத்தவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, மாமியின்ர அந்தியேட்டியோட அண்ணைக்கும் சேர்த்துச் செய்து விடுவம். எல்லாத் துடக்கும் ஒண்டாக் கழிஞ்சிடும். அடுத்த நாளே நாங்கள் வந்து வறுக்கிறம்."

அவள் சொன்னதில் எல்லா நியாயமும் இருந்தது. அவளுடைய புருஷனுக்குத் தொழில் இல்லை, தங்கைக்கும் வருமானம் இல்லை. தூளைக் கேட்கிற ஆட்கள் இருந்தார்கள். எனக்கும் ரியூசன் காசு அறை வாடகைக்கே போதவில்லை. ஒன்பது வருஷமாகச் சேதி இல்லாதவர் இனி வரமாட்டார் என்று எனக்குத் தெரியாதா? வணிகம் படித்தவளுக்கு இது பெரிய கணக்கா? சரி என்றேன். சொன்னது மட்டுமில்லை, சந்தையில் ஒரு சாக்குச் செத்தல் மிளகாயும் வாங்கிப் போட்டேன். முதல் ஓடர் யாரிடம் எடுப்பது என்றும் யோசித்து வைத்தேன்.

எல்லாரும் அந்தியேட்டி செய்கிற கீரிமலை இராணுவத்தின் கையில் இருந்த காலம் அது. வேறொரு கடற்கரையில் அந்தியேட்டி நடந்தது. மாமியின் தம்பி ஈர வேட்டியோடு கிரியைக்கு இருந்தார். கடல் கிடையாகக் கிடந்தது. ஐயர் தர்ப்பையை எடுத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"வேற ஆருக்கும் சேர்த்துச் செய்யவேணுமோ?"

மாமியின் தம்பி திரும்பி என்னைப் பார்த்தார். சகோதரிகள் இரண்டு பேரும் பார்த்தார்கள். நீதிமன்றத்தில் நான் நிமிர்ந்து நின்று பதில் சொன்னவள். இது அதைவிடச் சின்னப் பதில். பெயரைச் சொன்னால் போதும்.

"இல்லை ஐயா," என்றேன். "ஒராளுக்குத்தான்."

மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்து தாச்சியைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்துக் கழுவி, துடைத்து, திரும்பக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த நாள் மிளகாய்ச் சாக்கைச் சந்தைக்குக் கொண்டுபோய், வாங்கிய விலைக்கும் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் கண்டிருந்தால், "நல்ல முதலாளி" என்று சிரித்திருப்பார்.